நிழல் கேட்ட பயிர்

குமரிமுனையை அடுத்துத் தொடங்கித் தபதி நதி வரையில் சுமார் 1,600 கிலோமீட்டர் தூரம் தொடர்ந்து செல்லும் மேற்கு மலை, ஓரிடத்தில் மாத்திரம் முற்றிலும் தாழ்ந்து, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குச் சமவெளியாகவே கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அந்தக் கணவாயின் தென்கரையில் எழும் நெல்லியாம்பதி மலையும், அதை ஒட்டிய பரம்பிக்குளமும் ஆனைமலையும், அவற்றுக்குத் தெற்கே 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைத் தாங்கி நிற்கும் மூணாற்று மலைகளும், பிறகு போடிமெட்டிலிருந்து குமுளி வரையில் பரந்த ஏலமலையும் இயற்கையில் ஒரே பிரதேசம். வரைபடத்திலோ பாலக்காடு ஜில்லாவும் இடுக்கி ஜில்லாவும் ஒன்றையொன்று தொடுவதுகூட இல்லை. இடையிலே தமிழ்நாட்டின் வால்பாறையும், திருச்சூர், எர்ணாகுளம் ஜில்லாக்களின் காடுகளும் புகுந்து நிற்கின்றன. கொழிஞ்சாம்பாறையிலும் மறையூரிலும் பூப்பாறையிலும் வீட்டில் தமிழும் கச்சேரியில் மலையாளமுமாகப் பேசி ஜீவிக்கும் ஜனங்கள் இந்த எல்லைகளுக்குக் கொடுக்கும் மதிப்பு, வரிச்சீட்டுக்கும் ரேஷன் அட்டைக்கும் வேண்டிய அளவோடு நின்றுவிடுகிறது.

இம்மலைகளின் காடு எவ்வாறு குறைந்தது என்று விசாரித்தால், கேட்கப்படுகிறவரைப் பொறுத்து விடை மாறும். பட்டணத்தில் இருப்பவர் குடியேற்றக்காரரைச் சொல்வார். குடியேற்றக்காரர் வெள்ளைக்காரத் துரைகளையும் அவர்களுடைய தோட்டங்களையும் சொல்வார். தோட்டத்தார் அரசாங்கத்தின் அணைக்கட்டுகளைச் சொல்வார்கள். இவர்கள் அனைவருக்கும் முன்பே அங்கிருந்த முதுவரையும் காடரையும் மலசரையும் ஒருவரும் கேட்பதில்லையாதலால் அவர்கள் விடை பதிவாகவில்லை. ஒவ்வொரு விடையிலும் உண்மையின் ஓர் அம்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும், குற்றவாளியைத் தேடும் இந்த முறையைக் காட்டிலும், வெளியுலகம் இந்த மலையிடம் கேட்ட பண்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு, அந்தப் பண்டம் காட்டுக்கு விதித்த நிபந்தனை யாது என்று ஆராய்வதே அதிகப் பயன் தரும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பண்டத்துக்கு மரம் விழ வேண்டும். இன்னொன்றுக்கு மரம் இருக்கவே கூடாது. மற்றொன்றுக்கோ மரம் நின்றால்தான் பிழைப்பு. இந்த நிபந்தனைகளின் வித்தியாசமே இன்று ஒரு மலை பச்சைக் கம்பளமாகவும், பக்கத்து மலை சோலையாகவும், அதற்கடுத்தது யூக்கலிப்டஸ் காடாகவும் இருப்பதற்குக் காரணம்.

முதலில் கேட்கப்பட்டது தேக்கு. கொச்சி சமஸ்தானம் சிறியது. அதன் பெரிய சம்பத்து பரம்பிக்குளம் மலைக்காட்டில் நின்ற தேக்கும் ஈட்டியும்தான். திருப்பூணித்துறைக் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்று ஷொறனூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில்பாதை போட்டதாகப் பெயர் பெற்ற ராமவர்ம மகாராஜாவின் காலத்திலேயே, அந்த ரயிலுக்கு மலையிலிருந்து மரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் பொருட்டு, சாலக்குடிக்கும் பரம்பிக்குளத்துக்கும் இடையே சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு டிராம்வே நிர்மாணிக்கப்பட்டது. 1907-ல் ஓடத் தொடங்கிய அதில், செங்குத்தான சரிவுகளில், பாரம் ஏற்றிக் கீழே இறங்கும் வண்டியின் எடையே காலி வண்டியைக் கயிற்றால் மேலே இழுக்கும்படி அமைத்திருந்த யுக்தியை இன்றைக்கும் பொறியியல் அறிந்தவர்கள் வியக்கிறார்கள். ஆனால் யுக்தி எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவு வேகமாகக் காடும் இறங்கிப் போயிற்று. டிராம்வே நின்றபோது, எட்டிப் பிடிக்கக்கூடிய பெருமரங்கள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன. வெட்டிய இடங்களில் பலவகை மரங்கள் கலந்த காடு மறுபடி எழும்படி விடப்படவில்லை. வரிசை வரிசையாகத் தேக்கே நடப்பட்டது. ஆகையால்தான் 2010-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பரம்பிக்குளத்துக்குள் இன்று போகிறவர் முதலில் காண்பது, கோடையில் இலையுதிர்த்து நிற்கும் தோட்டத் தேக்குகளின் அணிவகுப்பு. பழைய காட்டின் சாட்சியாகக் கன்னிமாரா என்று பெயரிட்ட ஒரு பெருந்தேக்கு, ஏறக்குறைய 7 மீட்டர் சுற்றளவுடன், வேலி போட்டுக் காட்டப்படுகிறது.

தேக்குக்குப் பின்பு தண்ணீர். பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகளில் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகியவை கேரள மண்ணில் நிற்கின்றன. அவற்றை நிர்வகிப்பது தமிழ்நாடு. 1958 நவம்பர் முதல் அமலில் இருப்பதாகக் கொண்டு 1970 மே மாதத்தில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, மணக்கடவில் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் விட்டாக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும், எல்லைக்கு இப்பால் கேரளம் முழுவதற்கும் கள் இறக்கிக் கொடுக்கும் சித்தூர்த் தாலுக்காவின் தென்னைகளும் ஒரே மலையின் மழையையே இரு வாய்க்கால்களில் குடிக்கின்றன. அணைநீர் பள்ளத்தாக்குக் காடுகளை மூழ்கடித்தது உண்மை. ஆயினும் தண்ணீர் என்ற பண்டம் காட்டுக்கு விதிக்கும் நிபந்தனை, தேக்கு விதித்ததற்கு நேர் எதிரானது. அணைக்கு மேலே மரம் நின்றால்தான் அணைக்குள் மண் நிரம்பாமல் இருக்கும். இடுக்கி ஜில்லாவின் தென்கோடியில் 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் வரலாற்றிலும் இதைக் காணலாம்; நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காட்டை 1899-லேயே திருவிதாங்கூர் அரசு ஒதுக்கி வைத்தது, அதுவே பிற்காலத்தில் தேக்கடி சரணாலயமாக வளர்ந்தது. மதுரைப் பக்கத்து வயல்களின் தாகம் ஒரு காட்டை மூழ்கடித்து, அதைச் சூழ்ந்த காட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது என்றால் அது மிகையாகாது.

மலைக்காடு இல்லாத சமவெளியில் நீர்வேட்கை இவ்வளவு தயை காட்டவில்லை. கணவாயின் மழைமறைவான பிளாச்சிமடையில் கோக்கோ கோலா நிறுவனம் 2000-ல் ஆலை திறந்து நிலத்தடி நீரை எடுக்கத் தொடங்கியதும், கிணறுகள் கெட்டுப்போய், 2002 ஏப்ரலில் எறவாளர் குலத்துப் பெண்மணி மயிலம்மா முதலானோர் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்ததும், 2004-ல் ஆலை மூடப்பட்டதும் நாடறிந்த விஷயங்கள். நஷ்டம் 216.26 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-ல் கணித்தது. அதை வசூலிப்பதற்கென்று கேரளச் சட்டசபை 2011-ல் நிறைவேற்றிய மசோதா ஜனாதிபதியின் சம்மதம் பெறாமலே திரும்பிற்று.

இனி மூணாறு. 1877-ல் பூஞ்சாற்று ராஜாவிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றபொழுது, அங்கே எதைப் பயிரிடுவது என்று எவருக்கும் நிச்சயம் இருக்கவில்லை. காப்பியும் கொயினா மரமும் கற்றாழை நாரும் ஏலமும் ஒவ்வொன்றாகப் பரீட்சிக்கப்பட்டு, கடைசியில் நிலைத்தது தேயிலை. அதுவே மலையின் தலைவிதியை எழுதிற்று. ஏனென்றால் தேயிலைச் செடியை நெருக்கமாக நட்டு இடுப்புயரத்தில் கவாத்துச் செய்து வைக்க வேண்டியிருப்பதால் காட்டு மரத்துக்கு அங்கே இடம் கிடையாது. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து கங்காணிமார் கொண்டுவந்து சேர்த்த குடும்பங்கள் அந்தக் காடுகளை வெட்டிக் கொளுத்தி, நட்டு, கொழுந்து பறித்து, லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. லண்டனில் ஒரு கோப்பைத் தேநீரின் விலை தாழ்ந்திருந்ததற்கும், பிற்காலத்தில் நம்மூர்த் தேநீர்க் கடைகளில் அது தாழ்ந்திருப்பதற்கும், மலையின் மண்ணோடு இந்தக் குடும்பங்களின் கூலியும் சேர்ந்தே ஈடு கொடுத்து வந்திருக்கிறது. 2015-ல் பெம்பிளை ஒருமை என்று திரண்ட பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே அப்புறப்படுத்திவிட்டுச் சாலையில் அமர்ந்தபோது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய்.

தேயிலை எடுத்துக்கொண்ட நிலத்தை எல்லோரும் காண்கிறார்கள். அது மறைமுகமாக எடுத்துக்கொண்ட நிலத்தைக் கவனிப்பவர் சிலரே. பறித்த கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் நெருப்பு வேண்டும், நெருப்புக்கு விறகு வேண்டும். சோலைமரம் மெதுவாக வளர்வது. ஆகவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூக்கலிப்டஸ் விறகுக்கென்றே சரிவு சரிவாக நடப்பட்டது. மேலும், உயர்ந்த மலையுச்சிகளில் சோலையும் புல்வெளியும் மாறி மாறி அமைந்திருப்பதை இயற்கையின் ஏற்பாடென்று உணராமல், மரமில்லாத புல்லைத் தரிசு என்று எண்ணிய மனோபாவம் வெள்ளைக்கார அதிகாரிகளோடு தொலைந்துவிடவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் காகிதக் கூழுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் யூக்கலிப்டஸும் வாட்டில் மரமும் புல்வெளிகளில் தொடர்ந்து ஊன்றப்பட்டன. வட்டவடைக்குக் கிழக்கே எல்லைக்கு அப்பால் நிற்கும் பழனி மலைகளில், 1973-க்குப் பிந்திய நான்கு தசாப்தங்களில் புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் ஓர் ஆய்வு தெரிவித்தது. சோலை அந்த அளவுக்குக் குறையவில்லை. மரம் நட்டால் புண்ணியம் என்று கற்றுக்கொண்ட நம் காலத்துக்கு, மரம் நட்டே ஓர் இயற்கை நாசமான இந்தச் சங்கதி சற்று ஜீரணிக்கக் கடினமானதுதான்.

இதற்கிடையே ஒரு வேடிக்கை நடந்தது. தோட்டத் துரைகளுக்கு வேட்டையிலே பிரியம் அதிகம். வரையாடு சுடுவதற்கென்று அவர்கள் இரவிகுளம் மேட்டைத் தேயிலைக்கும் யூக்கலிப்டஸுக்கும் கொடுக்காமல் ஒதுக்கி, 1928-ல் சங்கம் அமைத்து, முதுவர்களைக் காவலுக்கு வைத்தார்கள். நோக்கம் சுடுவது, விளைவு பாதுகாப்பு. 1971-ல் கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்கும் சட்டம் வந்தபோது இந்த மேட்டையும் பங்கிட வேண்டும் என்ற குரல் எழாமல் இல்லை. ஆனால் அது 1975-ல் சரணாலயமாகவும், 1978-ல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. தமிழ்நாடும் கேரளமும் 2025-ல் சேர்ந்து எண்ணியபோது உலகத்தில் எஞ்சியிருப்பதாகக் கண்ட 2,600-க்கு மேற்பட்ட வரையாடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த 97 சதுர கிலோமீட்டர் நிலத்தில்தான் மேய்கிறது.

இதுவரை சொன்ன பண்டங்களெல்லாம் விற்பனைக்கானவை. ஏலமலையைத் திறந்துவிட்டதோ பசி. திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியைத் தானே விளைத்துக்கொள்ளாத சமஸ்தானம். தென்னை, ரப்பர், மிளகு என்று விலை பெறும் பயிர்களில் நிலத்தைச் செலுத்திவிட்டு, பர்மாவிலிருந்து கப்பலில் வரும் அரிசியை நம்பியிருந்தது. விசாகம் திருநாள் மகாராஜா 1880-களில் மரவள்ளிக் கிழங்கைப் பரப்பியதுகூட ஏழைகளின் வயிற்றை முன்னிட்டுத்தான். 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்தக் கப்பல்கள் நின்றன. சேர்த்தலைப் பக்கத்தில் ஜனங்கள் பட்டினியாலும் காலராவாலும் மடிந்தார்கள். அரசாங்கம் காட்டு நிலங்களை உணவுப் பயிருக்கென்று குத்தகைக்குக் கொடுக்க முன்வந்தது. மீனச்சில், காஞ்சிரப்பள்ளிப் பக்கத்துக் குடும்பங்கள் கோடாலியும் விதைக்கிழங்குமாக மலையேறின. ஒன்றைப் பயிரிட இன்னொன்றை இறக்குமதி செய்யும் ஒரு தேசம், இறக்குமதி நின்ற அன்றைக்குத் தன் மலைகளைத் தின்னத் தொடங்குகிறது. இதில் கோடாலி பிடித்தவனை மாத்திரம் குறை கூறுவது நியாயமாகாது.

பசி தீர்ந்த பிறகு அரசியல் வந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்களைத் தமிழகத்துடன் சேர்க்க வேண்டுமென்ற கிளர்ச்சி உச்சத்தில் இருந்த 1955-ல், பட்டம் தாணுப் பிள்ளையின் மந்திரிசபை மலைநாட்டுக் குடியேற்றத் திட்டத்தைத் துவக்கி, குடும்பத்துக்கு 5 ஏக்கர் வீதம் மலையாளிகளுக்குக் காட்டு நிலம் அளித்தது. மொழிக் கணக்கில் ஆட்சேர்ப்பதற்காகக் காடு செலவிடப்பட்டது என்று தமிழர் அப்போது சொன்னார்கள், அதில் பொய்யில்லை. எல்லை மறுபக்கமாகத் தீர்ந்திருந்தால் நம்மவர்கள் அந்தக் காட்டை விட்டுவைத்திருப்பார்களா என்பதை வால்பாறையைப் பார்த்தவர்கள் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். அப்படிக் குடியேறினவர்களிலேயே அய்யப்பன்கோயில் பக்கத்தார் ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை, இடுக்கி அணைக்காக 1961-ல் வலுக்கட்டாயமாக எழுப்பி, குமுளிக்கு அருகில் அமராவதியில் மழையில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேதான் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் உண்ணாவிரதம் இருந்தார். முதலில் உணவுக்கென்று வரவேற்கப்பட்டவர்கள் பிறகு மின்சாரத்துக்கென்று விரட்டப்பட்டார்கள். இன்றும் அவர்களுடைய பேரக்குழந்தைகள் காட்டைக் குறித்த எந்த அரசாங்க உத்தரவையும் சந்தேகத்தோடு படிக்கிறார்கள் என்றால், அந்தச் சந்தேகத்துக்கு வயது அறுபதுக்கு மேல்.

ஏலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏலச்செடி மழைக்காட்டின் அடித்தளத்தில் தானாக வளரும் இயல்புடையது. நேர் வெயில் பட்டால் இலை கருகும், ஈரம் வற்றினால் சரம் காயும். எனவே ஏலம் பயிரிட்டவன் புதர்களையும் சிறு மரங்களையும் அகற்றினானே தவிர, மேலே கவிந்த பெருமரங்களை வெட்டத் துணியவில்லை. வெட்டினால் அவனுக்கே நஷ்டம். திருவிதாங்கூர் அரசும் ஏலத்துக்கு மாத்திரமே நிலம், மரங்கள் சர்க்காருக்கே சொந்தம் என்று நிபந்தனை விதித்து நிலத்தைக் கொடுத்தது. இந்த விநோத ஏற்பாட்டின்படி இன்றுவரை ஏலமலையில் பூமி வருவாய்த் துறையின் பொறுப்பிலும், அதன்மேல் நிற்கும் மரம் வனத்துறையின் பொறுப்பிலும் இருக்கிறது. அரைக்காடு என்று சொல்லத்தக்க இந்த நிலத்தில், முழுக்காட்டின் செழிப்பு இல்லாவிட்டாலும், பறவைகளும் தேனீக்களும் நீரூற்றுகளும் வெகுகாலம் பிழைத்திருந்தன. பண்டத்தின் நிபந்தனை காட்டுக்கு அனுகூலமாக இருந்த காலம் அது.

அந்த நிபந்தனையை மாற்றியது எந்தச் சட்டமும் அன்று, ஒரு செடி. இடுக்கி விவசாயி ஒருவர் தம் தோட்டத்தில் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி என்ற ரகம் 1990-களில் மலை முழுவதும் பரவிற்று. பழைய ரகங்களைவிடப் பன்மடங்கு காய்ப்பது. ஆனால் கூடுதல் வெளிச்சமும், கோடையில் பாசனமும், தவறாத உரமும் மருந்தும் கேட்பது. நிழல் குறைந்தால் விளைச்சல் கூடுகிறது என்ற கணக்கு ஒருமுறை மெய்ப்பட்டபின், ஆண்டுதோறும் மழைக்கு முன் மரங்களின் கிளைகளை மொட்டையடிக்கும் வழக்கம் வலுத்தது. பட்டுப்போன காட்டுமரத்தின் இடத்தில் பலாவோ சில்வர் ஓக்கோ நடுவது எளிதாயிற்று. பறித்த காயை உலர்த்தும் ஸ்டோர்களின் அடுப்புக்கும் விறகு தேவைப்பட்டது. பயிரைத் துளைக்கும் பூச்சிகளுக்கு மருந்தடிப்பதில் ஏலம் நம் நாட்டுப் பயிர்களிலேயே முன்வரிசையில் நிற்கிறது. ஏலப்பூ மலர்ந்து ஒரே நாளில் முடிவது, அன்றைக்குத் தேனீ வந்தால்தான் காய். மருந்தோ தேனீயையும் சேர்த்தே கொல்வது. இவ்விஷயத்தை விவசாயி அறியாதவன் அல்லன். அண்டைத் தோட்டத்தான் அடித்தால் அங்கிருக்கும் பூச்சி தன் தோட்டத்துக்கு வரும் என்ற பயத்தால் அவனும் அடிக்கிறான்.

இந்த மருந்து வாசனையை நாள்தோறும் சுவாசிப்பவர்கள் போடி, தேவாரம், கம்பம் ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டும் கம்பமெட்டும் ஏறிவரும் தமிழ்ப் பெண்கள். செடியின் அடியில் தரையோடு படர்ந்திருக்கும் சரங்களிலிருந்து முற்றிய காயை மட்டும் பார்த்துக் கிள்ளியெடுக்க வேண்டியிருப்பதால், நாள் முழுவதும் குனிந்தும் மண்டியிட்டும் செய்யும் வேலை அது. அவர்கள் எடுத்த காய், போடிநாயக்கனூரிலோ புற்றடியிலோ ஏலம் போய், வட இந்திய மிட்டாய்க் கடைகளுக்கும் அரபு நாடுகளின் காப்பிக்கும் செல்கிறது. மருந்தின் எச்சம் மிகுந்த சரக்கை சவூதி அரேபியா திருப்பியனுப்பியதும் உண்டு. தேனீக்காகவும் தேவாரத்துப் பெண்களுக்காகவும் கேட்காத செவி, வாங்குகிறவன் முகம் சுளித்ததும் கேட்டது.

உலகச் சந்தை இந்த மலையை எப்படி ஆட்டுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டி மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்கு ஏலத்தைக் கொண்டுபோய் நட்டவர்கள் ஜெர்மானியத் தோட்டக்காரர்கள். இப்போது உலகத்திலேயே மிகுதியாக ஏலம் விளைவிப்பது அந்த நாடு. அங்கே மழை பொய்த்தால் நெடுங்கண்டத்தில் நிலத்தின் விலை ஏறுகிறது. 2018 வெள்ளத்தால் நம்முடைய விளைச்சலும் குன்றியிருந்த சமயம், 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலம் 7,000 ரூபாய் வரை போயிற்று. அவ்வாண்டு, ஏலத்துக்கு ஏற்காத சரிவுகளில்கூட செடி ஊன்றப்பட்டது. பிறகு விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியபோது, வாங்கின கடன் அங்கேயே இருந்தது, வெட்டின கிளை மாத்திரம் இல்லை.

ஏலமலை காடா, தோட்டமா என்ற வழக்கோ ஓர் இலக்கத்தில் தொங்குகிறது. 1897-ல் திருவிதாங்கூர் அறிவிக்கை செய்த ஒதுக்குக் காட்டின் அளவு 15,720 ஏக்கர் என்கிறது அரசு. அது 2,15,720 ஏக்கர் என்கின்றனர் இயற்கைப் பாதுகாப்பாளர்கள். உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் புதிய பட்டாக்கள் வழங்குவதைத் தடுத்து வைத்தது. முதல் இலக்கம் இரண்டு உண்டா இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கரின் கதி அடங்கியிருக்கிறது. ஆனால் எந்தத் தீர்ப்பு வந்தாலும், அங்கே நிழல் இருக்கிறதா என்ற கேள்வியை அது கேட்கப்போவதில்லை.

வட்டவடையும் காந்தளூரும் வேறு விதம். மேற்கே மழை கொட்டும்போது மழைமறைவில் நிற்கும் இக்கிராமங்களில், மதுரைச் சீமையிலிருந்து முன்னொரு காலத்தில் வந்தவர்களின் சந்ததியார் படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் முட்டைக்கோசும் விளைவிக்கிறார்கள். ஓணத்துக்குக் கேரளம் காய்கறி தேடும். அந்தச் சமயத்திலும் விலையை நிர்ணயிப்பவர் வியாபாரிகளே. விலை கட்டுப்படியாகாதபோது சிலர் நிலத்தை வெளியூரார் கையில் விட்டு, கிராண்டிஸ் என்று அவர்கள் அழைக்கும் யூக்கலிப்டஸை நடவிட்டார்கள். அதற்குக் களையெடுக்க வேண்டாம், காவல் வேண்டாம். அது ஊற்றுகளை உறிஞ்சியதும் பக்கத்து வயல் காய்ந்தது, காய்ந்த வயலிலும் கிராண்டிஸே வந்தது. 12 ஆண்டுக்கொரு முறை மலரும் நீலக்குறிஞ்சிக்காக இங்கே 2006-ல் அறிவிக்கப்பட்ட 32 சதுர கிலோமீட்டர் சரணாலயத்தின் எல்லை, பட்டாத் தகராறுகளில் சிக்கி வெகுகாலம் தீராமல் கிடந்தது. அருகில் பழத்தோட்டம் என்ற இடத்தில், தீயில் எரிந்த அந்நிய மரங்களை அகற்றி, வனத்துறையும் மலைவாழ் மக்களும் கூடிப் புல்லை மறுபடி நட்டு வருகிறார்கள் என்பது ஆறுதலான செய்தி. சின்னாறு காட்டின் தாயண்ணன்குடியில் முதுவர்கள், ரேஷன் அரிசி வந்தபின் கைவிட்ட கேழ்வரகு வகைகளைத் தேடியெடுத்து விதைத்திருப்பதும் அப்படியே.

ரேஷன் அரிசி என்றதும் சின்னக்கானல் யானையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காடும் புல்லும் யானைகளின் பூர்விக மேய்ச்சல் நிலம். தேயிலை, அணை, ஏலம், யூக்கலிப்டஸ் எல்லாம் சேர்ந்து அதைச் சுருக்கிவிட்ட பிறகு, மிஞ்சிய நடுப்பகுதியில், 2002-ஐ ஒட்டி, நிலமற்ற பழங்குடிக் குடும்பங்கள் 301-க்கு அரசு இடம் கொடுத்தது. நிலமற்றவர்க்கு நிலம் என்ற நியாயமும், யானைக்கு வழி என்ற நியாயமும் ஒரே துண்டு பூமியில் மோதின; தேயிலைத் தோட்டத்திலோ ஏலத்தோட்டத்திலோ ஓர் அங்குலம் குறையவில்லை. குடியிருப்பிலிருந்து பலர் பயந்து வெளியேறினார்கள். பன்னியாறு எஸ்டேட்டின் ரேஷன் கடையை உடைத்து உடைத்து அரிசி தின்று பழகிய கொம்பன் யானை ஒன்று, அரிக்கொம்பன் என்றே பெயர் பெற்றது. 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டு அதைப் பெரியாற்றுக் காட்டுக்குக் கொண்டுபோய் விட, அது மேகமலை வழியே எல்லை கடந்து மே 27-ல் கம்பம் நகரத் தெருவில் ஓடியது. ஜூன் 5-ல் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு–முண்டந்துறைக்கு அனுப்பிற்று. எண்பதாண்டுக்கு முன்பு அரிசியில்லாத மனிதன் காட்டுக்குள் புகுந்தான். காடில்லாத யானை அரிசிக் கடைக்குள் புகுகிறது. கேரளத்தில் 1970-களின் மத்தியில் 8 லட்சத்துக்கு மேலான ஹெக்டேரில் நடந்த நெற்சாகுபடி இன்று ஏறத்தாழ 2 லட்சமாகச் சுருங்கிவிட்டதால், அந்தக் கடையின் அரிசியும் பெரும்பாலும் வேற்று மாநில வயல்களில் விளைந்ததுதான்.

மாதவ் காட்கில் குழு 2011-லும், கஸ்தூரிரங்கன் குழு 2013-லும் கொடுத்த அறிக்கைகள் இந்த மலைகளில் எந்த எந்தப் பகுதியில் எதை அனுமதிக்கலாம் என்று எல்லை வகுத்தன. அவற்றை எதிர்த்து இடுக்கியில் கதவடைப்பும் ஊர்வலமும் நடந்தன. அந்த எல்லைகளைக் குறித்த மத்திய அரசின் வரைவு அறிவிக்கை 2024 ஜூலை இறுதியில் ஆறாவது முறையாக வெளிவந்தது. கோட்டுக்கு உள்ளே எது, வெளியே எது என்ற விவாதம் அவசியமானதே. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயங்களின்மேல் மலை சரிந்து 70 தமிழ் உயிர்கள் மாண்டபோது, சரிவு தொடங்கிய இடம் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. காக்கப்பட்ட மலையும் இப்போது பெய்யும் மழையைத் தாங்குமென்று சொல்ல முடியவில்லை. எனினும் ஏலமலையைப் பொறுத்தவரையில், கோடு கிழிப்பதைக் காட்டிலும் எளிதான ஒரு காரியம் செய்யப்படாமல் இருப்பதாக எனக்குப் படுகிறது. போடியிலும் புற்றடியிலும் ஏலத்துக்கு வரும் காயின் பருமனும் பச்சை நிறமும் ஒரு லிட்டர் காயின் எடையும் அளந்து குறிக்கப்படுகின்றன. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு ஒரு விலை, சிறியதற்கு ஒரு விலை. அது விளைந்த தோட்டத்தில் ஏக்கருக்கு எத்தனை காட்டுமரம் நிற்கிறது என்று எழுத அந்தச் சீட்டில் இடமில்லை. அமெரிக்கக் கண்டத்தில் நிழற்காப்பிக்குத் தனி முத்திரையும் தனி விலையும் பல வருஷங்களாகவே உண்டு. மரங்களின் கணக்கு ஏற்கெனவே வனத்துறையின் கடமை. ஏலத்தின் கணக்கு ஏற்கெனவே நறுமணப் பொருள் வாரியத்தின் கடமை. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதும் உத்தரவு இன்னும் எந்தக் கச்சேரியிலிருந்தும் பிறக்கவில்லை. பிறந்தால் அதை முதலில் எதிர்ப்பவர்கள் மரமில்லாத தோட்டக்காரர்களாக இருப்பார்கள், நெடுங்கண்டத்தில் அவர்கள் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டு வருகிறது.